சாம்பல் நிறக் கப்பல் எல்லாம் ஒன்றல்ல: கடற்படைக் கப்பல்களை இனம் காணப் பழகுவோருக்கு

கொச்சிக்குச் சுற்றுலா போயிருந்த நண்பர் ஒருவர் ஃபோர்ட் கொச்சி கரையிலிருந்து ஒரு படம் அனுப்பினார். சாம்பல் நிறம், மலை மாதிரி உடம்பு, பின்பக்கம் ஹெலிகாப்டர் தளம். கீழே ஒரு வரி: "எவ்ளோ பெரிய போர்க்கப்பல் பாருங்க. இதுல எத்தனை ஏவுகணை இருக்கும்?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட இருக்காது. அது எண்ணெய்க் கப்பல். நடுக்கடலில் மற்ற கப்பல்களுக்கு எரிபொருள் ஊற்றுவதுதான் அதன் வேலை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். அந்தப் பதில் நீண்டுதான் இந்தக் கட்டுரை ஆனது.

தமிழில் போர்க்கப்பலுக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. அதிலிருந்து எமகாதகன் ஒருவனைக் கண்டால் "அவன் சரியான எம்டன்" என்கிறோம். சொல் தங்கிவிட்டது, கப்பலைப் பற்றிய அறிவு அதோடு நின்றுவிட்டது. எம்டன் காலத்துக் கப்பல் என்றால் வரிசையாகப் பீரங்கிகள் தெரியும். இன்றைய கப்பலில் பார்க்கவேண்டியது பீரங்கியை அல்ல. பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண், நடுவில் நிற்கும் கோபுரம், பின்பக்கத் தளம் இந்த மூன்றையும் இந்த வரிசையில் பார்த்தால் பத்தில் எட்டு முறை விடை கிடைத்துவிடும். இந்தியக் கடற்படையை வைத்தே சொல்கிறேன், நம் கண்ணுக்கு எட்டுவது அதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

ஐ.என்.எஸ். என்றால் "இந்தியன் நேவல் ஷிப்". ஆனால் ஐ.என்.எஸ். என்று தொடங்கும் எல்லாமே மிதப்பதில்லை. ஐ.என்.எஸ். ராஜாளி அரக்கோணத்தில் இருக்கும் விமானத்தளம். ஐ.என்.எஸ். பருந்து ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் இருக்கிறது, அதுவும் விமானத்தளம்தான். ஐ.என்.எஸ். கட்டபொம்மன் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் வானொலி நிலையம். கோயம்புத்தூரிலும் ஐ.என்.எஸ். அக்ராணி என்று ஒரு பயிற்சி நிலையம் உண்டு. கோவையில் ஏது கடல் என்று கேட்காதீர்கள். கரையில் வேலை பார்ப்பவரையும் ஏதாவது ஒரு "கப்பலின்" பேரேட்டில் சேர்க்கவேண்டும் என்பது பிரிட்டிஷ் கடற்படை விட்டுப்போன வழக்கம். ஆகவே செய்தியில் ஐ.என்.எஸ். என்று பார்த்தால் அது தண்ணீரில் இருக்கிறதா தரையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 1: கடற்படைக் கப்பல்தானா?

சென்னைக் கடலில் சும்மா நிற்பவர் கண்ணில் அதிகம் படுவது கடலோரக் காவல்படைக் கப்பல். வெள்ளை உடம்பு, பக்கவாட்டில் சாய்ந்த காவியும் நீலமுமான பட்டை. அது தனிப்படை, கடற்படை அல்ல. கடற்படைக் கப்பல் சாம்பல் நிறத்தில் இருக்கும். கடலாழம் அளக்கும் அளவைக் கப்பல்கள் மட்டும் விலக்கு: அவை கடற்படையைச் சேர்ந்தவை, ஆனால் வெள்ளை நிறம். சாய்ந்த பட்டை இல்லாத வெள்ளைக் கப்பல் என்றால் அதுவாக இருக்கலாம்.

துறைமுகத்தில் நிற்கும் கப்பல் என்றால் பின்புறக் கொடியைப் பாருங்கள். வெள்ளைத் துணி, மேல்மூலையில் தேசியக்கொடி, மறுபாதியில் நீல நிற எண்கோணத்துக்குள் நங்கூரமும் அசோகச் சின்னமும். 2022 செப்டம்பர் 2 அன்று புதிய விக்ராந்த் கப்பலைப் படையில் சேர்த்த அதே விழாவில் வந்த கொடி இது. அதற்கு முன்பு நடுவில் சிவப்புச் சிலுவை இருந்தது. பழைய படங்களைக் காலம் கணிக்க இது ஒரு நல்ல குறிப்பு.

படி 2: பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்

கப்பலின் முன்பக்கத்தை நம் மீனவர்கள் அணியம் என்பார்கள், பின்பக்கத்தை அமரம். எனக்கு இந்தச் சொற்கள் பிடிக்கும், இங்கேயும் அவற்றையே எழுதுகிறேன். அணியத்துக்குச் சற்றுப் பின்னால் உடம்பில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் பெரிதாக எழுதியிருக்கும். எண் எந்தக் கப்பல் என்று சொல்லும், எழுத்து என்ன வகை என்று சொல்லும்.

- ஆர்: விமானந்தாங்கி
- டி: டெஸ்ட்ராயர். நாளிதழ்களில் "நாசகாரி" என்று வருவது இதுதான்
- எஃப்: ஃபிரிகேட்
- பி: கார்வெட் (ஃபிரிகேட்டைவிடச் சின்னப் போர்க்கப்பல்), ரோந்துக் கப்பல்
- கே: ஏவுகணைப் படகு
- எல்: படைகளையும் வண்டிகளையும் கரையிறக்கும் கப்பல்
- ஏ: துணைக் கப்பல்கள். எண்ணெய்க் கப்பல், பாய்மரப் பயிற்சிக் கப்பல் போன்றவை
- ஜே: அளவைக் கப்பல்
- எஸ்: நீர்மூழ்கி

நண்பர் அனுப்பிய படத்தில் இருந்தது "ஏ57". அதாவது ஐ.என்.எஸ். சக்தி, இத்தாலியில் கட்டி 2011-இல் வந்த எண்ணெய்க் கப்பல். 175 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு ஏறக்குறைய 27,500 டன். நம்மிடம் இருக்கும் எந்த டெஸ்ட்ராயரையும்விட மூன்று மடங்குக்கு மேல் கனம். அளவைப் பார்த்து நண்பர் ஏமாந்ததில் வியப்பில்லை. இப்படி ஒரு கப்பல் கூட வராவிட்டால் போர்க்கப்பல்கள் சில நாள்களிலேயே துறைமுகத்துக்குத் திரும்பவேண்டி வரும்.

எண்ணில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கப்பல் ஓய்வு பெற்றாலும் பெயர் மறுபடி பிறக்கும், சில நேரம் எண்ணும் கூடவே வரும். 1961-இல் வந்த பழைய விக்ராந்த் ஆர்11, 2022-இல் வந்த புது விக்ராந்தும் ஆர்11. ஆகவே படத்தின் ஆண்டைப் பார்க்காமல் அடித்துச் சொல்லவேண்டாம்.

படி 3: அளவைக் கண்ணால் மதிப்பிடுங்கள்

கப்பல் செய்திகளில் வரும் "டன்", ஏற்றிச் செல்லும் சரக்கின் கணக்கல்ல. கப்பல் மிதக்கும்போது விலக்கும் தண்ணீரின் எடை அது. ஆர்க்கிமிடிசை நினைத்துக்கொண்டால் புரியும், அதுதான் கப்பலின் மொத்த எடை.

ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீர் ரக ஏவுகணைப் படகு 56 மீட்டர், 450 டன். கமோர்ட்டா ரகக் கார்வெட் 109 மீட்டர், 3,000 டன்னுக்கு மேல். தல்வார் ரக ஃபிரிகேட் ஏறக்குறைய 125 மீட்டர், 4,000 டன். விசாகப்பட்டினம் ரக டெஸ்ட்ராயர் 163 மீட்டர், 7,400 டன். புது விக்ராந்த் 262 மீட்டர், ஏறக்குறைய 45,000 டன். தளத்தில் நிற்கும் ஆளையோ ஹெலிகாப்டரையோ அளவுகோலாக வைத்துப் பாருங்கள், நீளம் ஓரளவு பிடிபடும்.

ஃபிரிகேட்டுக்கும் டெஸ்ட்ராயருக்கும் என்ன வித்தியாசம் என்று எல்லோரும் கேட்பார்கள். பாடப்புத்தகப் பதில்: டெஸ்ட்ராயர் பெரியது, ஃபிரிகேட் சிறியது. நடைமுறையில் அந்தக் கோடு அழிந்து வெகுநாள் ஆகிவிட்டது. 2025 ஜனவரியில் வந்த நீலகிரி ஒரு ஃபிரிகேட், 149 மீட்டர், 6,670 டன். சோவியத் காலத்தில் வாங்கிய ராஜ்புத் ரக டெஸ்ட்ராயர் 5,000 டன்னைத் தொடாது. தம்பி அண்ணனைவிட வளர்ந்துவிட்டான், ஆனாலும் அண்ணன் அண்ணன்தான். ஆக, அளவை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கப் போராடாதீர்கள். எழுத்தையே நம்புங்கள்.

படி 4: கோபுரத்தில் நேரம் செலவழியுங்கள்

இங்கேதான் நிதானமாக நிற்கவேண்டும். அடிவானத்தைத் தாண்டிப் போகும் கப்பலில் உடம்பு முதலில் மறையும், கோபுரம் கடைசியில் மறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். பூமி உருண்டை என்பதற்குச் சான்றாகச் சொன்ன பாடம். கப்பலை இனம் காண்பவருக்கும் அதுவே முதல் பாடம்: தூரத்தில் எண் தெரியாது, கோபுரம் தெரியும்.

கோபுரம் ஏன் இவ்வளவு உயரம்? ரேடார் அலையும் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேடாருக்கு அடிவானம் 20 கிலோமீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும். அலையை உரசிக்கொண்டு ஐந்து மீட்டர் உயரத்தில் வரும் ஏவுகணையை ஏறக்குறைய 30 கிலோமீட்டரில்தான் பார்க்க முடியும். ஒலியின் வேகத்தை ஒட்டி வரும் ஏவுகணை என்றால் கப்பலில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது நூறு நொடி. பிரம்மோஸ் மாதிரி ஒலியைப்போல மூன்று மடங்கு வேகத்தை நெருங்குவது என்றால் முப்பது நொடிதான். ஒரு மீட்டர் உயரம் கூடினாலும் லாபம் என்று ஏன் நினைக்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

சரி, கோபுரத்தில் எதைத் தேடுவது? இரண்டே கேள்வி போதும். மேலே ஏதாவது சுழல்கிறதா? தட்டையான பலகைகள் பதித்திருக்கிறார்களா?

கொல்கத்தா, விசாகப்பட்டினம் ரக டெஸ்ட்ராயர்களில் முன்கோபுரம் கூம்பிக்கொண்டு போய், உச்சியில் நான்கு திசைக்கும் ஒவ்வொரு தட்டையான பலகையோடு நிற்கும். இஸ்ரேலியத் தயாரிப்பான எம்.எஃப்.ஸ்டார் ரேடார் அது. பலகை அசையாது, உள்ளே மின்னணு முறையில் அலையைத் திருப்பித் திருப்பி அனுப்பும். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் கண் திறந்திருக்கும் சதுர்முகம் என்று வைத்துக்கொள்ளலாம். அதே கப்பல்களில் பின்கோபுரத்தில் பெரிய ரேடார் ஒன்று பழைய பாணியில் சுழன்றுகொண்டிருக்கும். முன்னால் அசையாத நான்கு முகம், பின்னால் சுழலும் ஒன்று: இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் இந்த இரண்டு ரகங்களை முதலில் நினையுங்கள்.

ரஷ்யாவில் கட்டிய தல்வார் ரகத்தில் பலகை கிடையாது. கோபுர உச்சியில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டைத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்.

கோபுரத்திலிருந்து கண்ணைக் கீழே இறக்கினால் சுவர்களைக் கவனியுங்கள். புதுக் கப்பல்களில் செங்குத்துச் சுவரே இருக்காது, எல்லாம் சாய்வு. இரண்டு சுவர்கள் செங்கோணத்தில் சேரும் மூலை, வந்த ரேடார் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். சாய்ந்த சுவர் அதை வேறெங்கோ தட்டிவிடும். நீலகிரியைப் பாருங்கள், உயிர்காப்புப் படகைக்கூட மூடிக்குள் மறைத்திருப்பார்கள். பால்கனி இல்லாத அடுக்குமாடி மாதிரி இருக்கும். பழைய கப்பலோ நம் பழைய தெரு வீடுகள் மாதிரி: கம்பி, ஏணி, கொடிக்கயிறு, தொங்கும் படகு, எல்லாம் வெளியே.

படி 5: அணியத்தில் மூடிகளை எண்ணுங்கள்

புதியவர்களின் கை நேராகப் பீரங்கிக்குத்தான் போகும். போகட்டும், அதையும் பார்த்துவிடுவோம். நம் டெஸ்ட்ராயர்களிலும் பல ஃபிரிகேட்களிலும் அணியத்தில் இருப்பது 76 மில்லிமீட்டர் பீரங்கி, நிமிடத்துக்கு 120 குண்டு வரை சுடும். தல்வார் ரகத்தில் 100 மில்லிமீட்டர், கொஞ்சம் பருமனாகத் தெரியும்.

உண்மையான பலம் பீரங்கிக்குப் பின்னால் தளத்தோடு தளமாகச் சதுர மூடிகளாகக் கிடக்கும். பார்க்கச் சாக்கடை மூடி மாதிரிதான் இருக்கும். ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு ஏவுகணை செங்குத்தாக நிற்கும். விசாகப்பட்டினம் ரகத்தில் பிரம்மோஸ் 16, விமானத்தையும் ஏவுகணையையும் அடிக்கும் பராக்-8 ரகம் 32. பிரம்மோஸ் எட்டு மீட்டருக்கு மேல் நீளம், அதாவது மூன்று மாடி உயரம் அந்த மூடிக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. இதனால்தான் கரையிலிருந்து பார்ப்பவருக்கு நவீனக் கப்பல் "காலியாக" தெரிகிறது. காலியாகத் தெரிந்தால் கொஞ்சம் பயப்படலாம்.

தல்வார் ரகத்தின் முதல் ஆறு கப்பல்களில் பீரங்கிக்குப் பின்னால் ஒற்றைக் கை மட்டும் நீட்டிய ஏவுகருவி இருக்கும். 2024 டிசம்பரில் வந்த துஷிலிலும் 2025 ஜூலையில் வந்த தமாலிலும் அந்தக் கை போய்விட்டது, மூடிகள்தான். ஒரே ரகத்துக்குள் பழையது எது புதியது எது என்று சொல்ல இது சுலபமான அடையாளம்.

குதிரை லாடம்போல வளைத்து அடுக்கிய பன்னிரண்டு குழல்கள் தெரிந்தால் அது நீர்மூழ்கியை அடிக்கும் ராக்கெட் ஏவி. அது சுடும் திசையைப் பார்த்துக் குழம்பாதீர்கள், ராக்கெட் வானில் வளைந்து போய்த் தண்ணீருக்குள் விழுந்து ஆழத்தில் வெடிக்கும்.

படி 6: அமரத்தில் என்ன இருக்கிறது?

பின்தளத்தில் ஹெலிகாப்டர் இறங்கும் கோடுகள், அதை ஒட்டிக் கொட்டகை. கொட்டகைக் கதவு ஒன்றா இரண்டா என்று பாருங்கள். கொல்கத்தா ரகத்தில் இரண்டு ஹெலிகாப்டர் நிற்கும், தல்வாரில் ஒன்று. கமோவ்-31 என்ற ஹெலிகாப்டர் பறக்கும்போது வயிற்றுக்குக் கீழே கட்டில் பலகை மாதிரி ரேடாரை விரித்துச் சுழற்றும். கோபுரத்துக்கு எட்டாத அடிவானத்துக்கு அப்பால் பார்க்கத்தான் அது.

எல் எழுத்துக் கப்பல்களில் மட்டும் அணியத்தையும் அமரத்தையும் சேர்த்துப் பாருங்கள். மகர், ஷர்துல் ரகங்கள் மணலில் மூக்கை ஏற்றி, அணியத்தையே வாய்போலத் திறந்து டாங்குகளை இறக்கும். ஐ.என்.எஸ். ஜலஷ்வா நேர்மாறு, அது அமரத்தைத் திறக்கும். உள்ளே தண்ணீரை விட்டுக் குளம்போல ஆக்கி, அதிலிருந்து சின்னப் படகுகளை அனுப்பும். அமெரிக்காவிடமிருந்து வாங்கி 2007-இல் வந்தது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதன் பெயர் நினைவிருக்கும்: 2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கில், கொழும்பிலும் மாலத்தீவிலும் சிக்கிக்கொண்டவர்களைத் தடவைக்கு ஏறக்குறைய 700 பேர் என்று தூத்துக்குடித் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கிய கப்பல் அது.

படி 7: பெயரிலிருந்து ரகத்தைப் பிடியுங்கள்

இது குறுக்குவழி. டெஸ்ட்ராயர்களில் பெரும்பாலானவற்றுக்கு நகரங்களின் பெயர்: கொல்கத்தா, கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம், சூரத். கடலே இல்லாத இம்பாலுக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. ஃபிரிகேட்களுக்கு மலை, ஆறு, ஆயுதம்: நீலகிரி, ஹிம்கிரி, பியாஸ், தல்வார், திரிசூல். நம் நீலகிரி மலையின் பெயரில் 1972-இலேயே ஒரு கப்பல் வந்தது, இப்போது இருப்பது இரண்டாவது. கமோர்ட்டா ரகக் கார்வெட்களுக்குத் தீவுகள்: கட்மட், கில்தான், கவரட்டி மூன்றும் லட்சத்தீவு, கமோர்ட்டா நிக்கோபார். நீர்மூழ்கிகளில் "சிந்து" என்று தொடங்கினால் ரஷ்யாவில் கட்டியது. இன்னொரு நீர்மூழ்கி ரகத்தின் பெயரான கல்வரி என்பது மலையாளத்தில் ஆழ்கடல் புலிச்சுறாவின் பெயர்.

விமானந்தாங்கிகள் இரண்டே இரண்டு என்பதால் நீண்ட விளக்கம் வேண்டாம். இரண்டிலும் அணியம் மேல்நோக்கி வளைந்திருக்கும், விமானம் அந்த வளைவில் ஓடிக் குதித்து எழும்பும். விக்ராந்தில் விமானத்தை மேலேற்றும் இரண்டு லிஃப்டுகளும் தளத்தின் வலது ஓரத்தில் இருக்கும், விக்ரமாதித்யாவில் தளத்துக்கு உள்ளே இருக்கும். மேலிருந்து எடுத்த படம் கிடைத்தால் இந்த ஒன்றே போதும்.

படி 8: நீர்மூழ்கி, கண்ணுக்குத் தெரியாததைக் கற்பது

மேலே சொன்ன எதுவும் இங்கே உதவாது. எண் பல நேரம் இருக்காது, கோபுரம் ஒரு மேடு, மற்றது தண்ணீருக்குள். ஆகவே நீர்மூழ்கியை வெளியிலிருந்து கற்காமல் உள்ளிருந்து கற்பதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் வீட்டில் ஒரு சோதனை. வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, ஒரு சொம்பைக் கவிழ்த்து உள்ளே அழுத்துங்கள். காற்று மாட்டிக்கொண்டு சொம்பு மேலே தள்ளும். லேசாகச் சாய்த்தால் காற்று குமிழாக வெளியேறும், தண்ணீர் ஏறும், சொம்பு இறங்கும். நீர்மூழ்கி மூழ்குவது இதேதான். உடம்பைச் சுற்றி இருக்கும் தொட்டிகளின் மேல்வாயைத் திறந்தால் காற்று போகும், அடியில் கடல்நீர் ஏறும். மேலே வரவேண்டும் என்றால் அழுத்தி வைத்த காற்றைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீரைத் துரத்துவார்கள்.

அடுத்த கேள்வி மூச்சு. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், தண்ணீருக்குள் காற்று கிடையாது. அதனால் உள்ளே போனபின் ஓட்டுவது மின்கலம். கல்வரியில் 360 மின்கலங்கள், ஒவ்வொன்றும் 750 கிலோ. பெருக்கிப் பாருங்கள், 270 டன் வெறும் மின்கலம். அது தீர்ந்தால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வந்து, ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டி, காற்றை இழுத்து டீசலை ஓட்டி மின்னேற்றிக்கொள்ளவேண்டும். நீர்மூழ்கி அதிகம் அஞ்சும் நேரம் அதுதான். அரக்கோணம் ராஜாளியிலிருந்து பறக்கும் பி-8ஐ விமானங்கள் தேடுவதில் அந்தக் குழாயும் ஒன்று.

அணுசக்தி நீர்மூழ்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் தண்ணீரில் இறக்கிய அரிஹந்த், சாப்பாடு இருக்கும்வரை உள்ளேயே இருக்கலாம். அதன் உலைக்கு முன்மாதிரி ஒன்றைக் கல்பாக்கத்தில் தரையிலேயே கட்டி இயக்கிப் பார்த்தார்கள்.

அத்தனை ஆழத்தில் இருப்பவரோடு பேசுவது எப்படி? சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் நுழைந்ததும் செத்துவிடும். அலைவரிசை மிகமிகத் தாழ்ந்திருந்தால் சில மீட்டர்கள் உள்ளே இறங்கும். அப்படிப்பட்ட அலைக்கு ஆன்டெனா மிகப் பெரிதாக இருக்கவேண்டும். விஜயநாராயணத்தில் நானூறு மீட்டருக்கும் மேல் உயரமான கம்பங்கள் நிற்பது அதற்குத்தான். ஐ.என்.எஸ். கட்டபொம்மன் 1990-இலிருந்து இந்த வேலையைப் பார்க்கிறது.

இனம் காணவே வேண்டும் என்றால் ஒரு வரி போதும்: பருத்த உடம்பும் நீண்ட மேடும் என்றால் சிந்து ரகம், 67 மீட்டரில் வழவழப்பாகக் கச்சிதமாக இருந்தால் கல்வரி ரகம். அரிஹந்தின் தெளிவான படங்கள் அரிது, மேட்டுக்குப் பின்னால் முதுகு கொஞ்சம் திமில் கட்டியிருக்கும்.

இதையெல்லாம் படித்ததைவிட எனக்கு அதிகம் புரிந்தது விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் கழித்த முக்கால் மணி நேரத்தில். அங்கே ஐ.என்.எஸ். குர்சுரா மணலில் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1969-இல் படைக்கு வந்து 2001-இல் ஓய்வு பெற்றது, 91 மீட்டர் நீளம். உள்ளே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான துளைதான் வழி. முதலில் ஒரு காலை விட்டு, தலையைக் குனிந்து, உடம்பை மடித்து நுழையவேண்டும். எனக்கு முன்னால் போன அம்மா ஒருவர் புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைவிட லாவகமாக நுழைந்துவிட்டார். நான் நெற்றியை இடித்துக்கொண்டேன். தலைக்கு மேலே, தோளுக்குப் பக்கத்தில், காலுக்கு அடியில் எல்லா இடத்திலும் குழாயும் வால்வுச் சக்கரமும். டார்பிடோவுக்குப் பக்கத்திலேயே படுக்கை. ஏறக்குறைய 75 பேர் இதற்குள் வாரக்கணக்கில் இருந்தார்கள். முன்னாள் கடற்படையினரே விளக்கம் சொல்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள். அதே சாலையில் 1971 போரின் நினைவுச்சின்னமும் இருக்கிறது. பழைய விக்ராந்தைத் தேடிவந்த பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி இந்த ஊர்க் கடலில்தான் மூழ்கியது.

எங்கே பார்ப்பது, எதைச் செய்யக்கூடாது

மும்பையில் கேட்வேயிலிருந்து எலிபெண்டா போகும் படகில் உட்கார்ந்தால் வழியிலேயே கடற்படைக் கப்பல்கள் தெரியும். கொச்சியில் ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே உள்ள வாய்க்கால் வழியாகத்தான் எல்லாக் கப்பலும் போகவேண்டும், கரையில் டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். டிசம்பர் 4 கடற்படை தினம். 1971-இல் அந்த இரவு நிபாட், நிர்காட், வீர் என்ற மூன்று சின்ன ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கியதன் நினைவு. அதை ஒட்டிச் சில துறைமுகங்களில் பொதுமக்களைக் கப்பலில் ஏற்றிக் காட்டுவார்கள், நவம்பரிலிருந்தே நாளிதழைக் கவனியுங்கள்.

சென்னையில் என்றால் மெரினா மணலில் நிற்பவரின் அடிவானம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. பார்வையாளர்களை விடும் நேரமாகப் பார்த்துக் கலங்கரை விளக்கத்தில் ஏறினால் அது இருபது கிலோமீட்டரைத் தாண்டும். இருநோக்கி ஒன்று கையில் இருக்கட்டும்.

கைப்பேசியில் கப்பல்களைக் காட்டும் செயலிகளை நம்பி உட்காராதீர்கள். சரக்குக் கப்பல் எல்லாம் அதில் வரும், போர்க்கப்பல் பெரும்பாலும் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பாது.

படம் எடுப்பதில் கவனம் வேண்டும். பொதுக்கடற்கரையிலிருந்து கடலில் போகும் கப்பலைப் பார்ப்பது வேறு. கடற்படைத் தளத்தையும் கப்பல்துறையையும் படம் எடுப்பது வேறு, அவை 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தின்கீழ் வரக்கூடிய இடங்கள். "படம் எடுக்காதீர்" என்ற பலகை இருந்தால் கேமராவைப் பையில் போட்டுவிடுங்கள், காவலரோடு வாதம் வேண்டாம். இன்று இந்தக் கப்பல் இந்த மணிக்கு இங்கிருந்து கிளம்பியது என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாத வேலை.

பழகும் முறை ஒன்று சொல்கிறேன். வாரம் ஒரு ரகம் போதும். ஒரு படத்தை எடுத்து, எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு, வெறும் வெளிக்கோட்டை நோட்டில் வரையுங்கள். படம் நன்றாக வரவேண்டும் என்பதில்லை. கோபுரம் எங்கே, பள்ளம் எங்கே, கொட்டகை எங்கே என்று கை நினைவில் வைத்துக்கொள்ளும். தொடக்கத்துக்கு ஐ.என்.எஸ். சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள், டி65. நம் ஊர்ப் பெயர் என்பதால் மட்டுமல்ல, நான்குமுகக் கோபுரம், சுழலும் ரேடார், மூடி, இரட்டைக் கொட்டகை என்று இங்கே சொன்ன எல்லாமே அதில் இருக்கிறது.

அந்த எண்ணெய்க் கப்பல் நண்பர் இப்போது கொஞ்சம் தேறிவிட்டார். போன மாதம் விசாகப்பட்டினத்திலிருந்து இன்னொரு படம் வந்தது. இந்த முறை ஏவுகணைக் கேள்வி இல்லை. "எல்24. வாய் திறக்கிற ஜாதிதானே? ஐராவத்?" என்று மட்டும் கேட்டிருந்தார்.